முத்திரை விழும் நேரம்

ஒரு காரியம் நடந்த நேரம் வேறு, அது நடந்ததாக எழுதப்பட்ட நேரம் வேறு. இரண்டும் ஒன்றுதான் என்ற பாவனையின் மேல்தான் அலுவலகங்களும் கோர்ட்டுகளும் சரித்திரப் புஸ்தகங்களும், ஓரளவுக்கு நம்முடைய இலக்கிய விமர்சனமும் நடந்துகொண்டிருக்கின்றன. இந்தப் பாவனை எங்கே கலைகிறது, கலையும்போது யாருக்கு நஷ்டம் என்பதுதான் என் யோசனை. இதற்கு எனக்கு வழி காட்டியது ஒரு கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்பதால் வாசகர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். விஷயம் கம்ப்யூட்டரோடு நிற்கவில்லை.

வங்கியில் இந்த இடைவெளியை யாரும் ஒளித்துவைப்பதில்லை. ஒரு வரவுக்கு இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று கணக்கில் பதிவான தேதி. மற்றது மதிப்புத் தேதி. வட்டி ஓடுவது இரண்டாவதிலிருந்து. பணம் முந்தாநாள் வந்து, எழுதுகிறவன் இன்று எழுதினால், எழுதியவனின் தாமதத்துக்காக வாடிக்கையாளன் இரண்டு நாள் வட்டியை இழக்கலாகாது என்ற நியாயம் இதற்குள் இருக்கிறது. இதை வகுத்தவன் எவனோ, அவன் மனுஷனை நம்பாதவன். ஆனால் மனுஷன்மேல் கருணை உள்ளவன். இரண்டும் ஒருவனிடமே இருப்பது அபூர்வம்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் கவுண்டரில் பித்தளை டோக்கன் கொடுப்பார்கள். எனக்கு முந்திய தலைமுறைக் குமாஸ்தாக்கள் இதைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓரங்கள் தேய்ந்து, எண் மட்டும் மிஞ்சிய ஒரு டோக்கனைக் கையில் வைத்துப் பார்த்தும் இருக்கிறேன். செக்கை நீட்டியவுடன் டோக்கன். அதற்கப்புறம் லெட்ஜரில் கையெழுத்து சரிபார்த்து, ஆபீசர் பாஸ் செய்து, காஷியர் கூப்பிட எவ்வளவு நேரமானாலும் சரி. டோக்கனில் மணி இல்லை, நிமிஷம் இல்லை. நீ இவனுக்குப் பின்னால் வந்தாய், அவனுக்கு முன்னால் வந்தாய் என்பது மட்டும் அதில் இருந்தது. பெரும்பாலான தகராறுகளுக்கு அது போதும். 1978இல் லெஸ்லி லாம்போர்ட் என்பவர் எழுதிய ஒரு பிரசித்தமான கட்டுரை, தனித்தனியே ஓடும் கம்ப்யூட்டர்களுக்கு நடுவே கடிகார நேரத்தைவிட முன்-பின் என்ற வரிசையே அடிப்படை என்று நிறுவியது. படித்தபோது எனக்குப் பித்தளையின் வாசனை அடித்தது.

நான் இந்தக் கட்டுரைகளையெல்லாம் படிக்க நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அத்தை மகன் ஒருவன், எனக்கு நாலு வயது இளையவன், நாகலாபுரத்துக் கரிசலில் என்னோடு பருத்திமார் பொறுக்கியவன், பெங்களூரில் ஒரு கம்பெனியில் லினக்ஸ் கெர்னல் வேலை செய்கிறான். கெர்னல் என்பது இயங்குதளத்தின் உள்பருப்பு. இயந்திரத்துக்கும் மற்ற எல்லா மென்பொருளுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பது. அவன் தன்னுடைய கம்பெனியின் சில்லு ஒன்றுக்கு அதில் ஒரு டிரைவர் சேர்க்க முயன்றுகொண்டிருந்தான். கோடைவிட அதனோடு வைக்க வேண்டிய விளக்கம்தான் அவனைப் படுத்தியது. பி.ஏ. இங்கிலீஷ் படித்தவனுக்கு ஊரில் கிடைக்கிற மரியாதை மனு எழுதித் தருவதோடு சரி. இதுவும் ஒரு மனுதான் என்று வாங்கிப் பார்த்தேன்.

பார்த்ததில் முதலில் பிடித்தது அவர்களுடைய உரைநடைச் சட்டம். அந்த விளக்கத்தில் 'நான் இதை மாற்றினேன்' என்று எழுதக்கூடாது. 'இதை இப்படி மாற்று' என்று ஏவலில் எழுத வேண்டும், கோடுக்கே உத்தரவு போடுவதுபோல. என்ன செய்தாய் என்பதைக் கோடே சொல்லிவிடும். ஏன் செய்தாய், செய்யாவிட்டால் என்ன கேடு என்பதைத்தான் நீ சொல்ல வேண்டும். கடைசியில் பெயர்போட்டு ஒரு வரி: இது என் கைவழி வந்தது, கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற பொறுப்பேற்பு. 2004இலிருந்து இது நடைமுறை. யார் கைவழி யாரிடம் போயிற்றோ அத்தனை பேரும் வரிசையாகக் கையொப்பம் வைக்கிறார்கள். எங்கள் வவுச்சரில் போடுகிற இனிஷியல்களைப்போல. தமிழில் ஒரு புஸ்தக மதிப்புரைக்கு இந்தச் சட்டத்தைப் போட்டால் எத்தனை மதிப்புரைகள் தேறும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இனி விஷயம். வெளியுலகில் ஏதோ நடக்கிறது. ஒரு கதவு திறக்கிறது, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுகிறது, காமிரா ஒரு படம் எடுத்து முடித்தேன் என்கிறது. சில்லின் ஒரு காலில் மின்னழுத்தம் தாழ்விலிருந்து உயர்வுக்கு ஏறுகிறது. இந்த ஏற்றம்தான் சம்பவம். உடனே அது பிராஸஸரின் தோளைத் தட்டுகிறது. இதற்கு இன்டரப்ட் என்று பெயர். பிராஸஸர் அப்போது வேறொரு வேலையில் இருக்கலாம், இன்னொரு இன்டரப்ட்டைக் கவனித்துக்கொண்டிருக்கலாம், மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கிக்கொண்டும் இருக்கலாம். கையில் இருப்பதை வைத்துவிட்டு வந்து, யார் தட்டியது என்று விசாரித்து, உரிய டிரைவரைக் கூப்பிட்டு, அந்த டிரைவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிக்கிறது. அது குறிப்பது தான் வந்து பார்த்த நேரத்தை. கதவு திறந்த நேரத்தை அல்ல.

இந்தத் தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் தொல்லையில்லை, கழித்துவிடலாம். அது நிலையில்லாதது என்பதுதான் தொல்லை. வேலை குறைவாக இருந்தால் கொஞ்சம், கூட்டமாக இருந்தால் அதிகம். தானே ஓடும் வண்டி ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் ஒரு மில்லிசெகண்டில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. பத்து மில்லிசெகண்ட் பிசகினால் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. காமிரா ஒரு நேரத்தையும் தூரமானி இன்னொரு நேரத்தையும் சொன்னால், எதிரே வரும் ஆள் இரண்டு இடத்தில் நிற்பான்.

இதற்குப் பரிகாரம், நேரம் குறிக்கும் வேலையைப் பிராஸஸரிடமிருந்து பிடுங்கி, சம்பவம் நடக்கும் வாசலிலேயே ஒரு சிறு யந்திரத்தை உட்கார்த்திவைப்பது. அதற்கு ஓயாமல் ஓடும் ஓர் எண்ணி. காலில் ஏற்றமோ இறக்கமோ வந்த மாத்திரத்தில், யாரையும் கேட்காமல், அப்போது எண்ணி காட்டும் எண்ணைப் பிடித்து ஒரு வரிசையில் போட்டுவிடும். பிராஸஸர் சாவகாசமாக வந்து எடுத்துக்கொள்ளலாம். நெட்வொர்க் கார்டுகளில் இது முன்பே வந்துவிட்டது. கடிகாரங்களை வலைவழி ஒத்திசைக்கும் 1588 என்ற தர விதி 2002இல் வந்தது. லினக்ஸ் தன் 2.6.30 பதிப்பில், 2009இல், கார்டு இடும் முத்திரையை மேலே வாங்கிக் கொடுக்க வழி செய்தது. ஆனால் சாதாரணக் கால்களுக்கும் இன்டரப்ட் கம்பிகளுக்கும் அப்படி ஒரு பொது ஏற்பாடு இல்லை. என்விடியாவின் டெக்ரா 194 என்ற சில்லில் அதற்கான யந்திரம் இருந்தது. கெர்னலில் அதற்கு வீடு இல்லை.

முதல் வரைவு 2021இல் வந்தபோது, ஏற்கனவே இருக்கிற வீடுகளில் ஒன்றில் ஒண்டிக்கொள்ள முடியாதா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. ஒரே ஒரு சில்லுக்காகத் தனி வீடு கட்டினால் நாளைக்கு அதை யார் வெள்ளையடிப்பது? எதிர்த்தரப்பு நியாயமும் உண்டு. கால்களைக் கவனிக்கும் பிரிவில் வைத்தால் இன்டரப்ட் கம்பிகள் வெளியே நிற்கும். முத்திரை இடுவது ஒரு தனிக் காரியம். எதன்மேல் இடுகிறோம் என்பது வேறு காரியம். கடைசியில் தனிப் பிரிவாகவே 5.19 பதிப்பில், 2022 ஜூலை முடிவில், சேர்ந்தது. ஹார்ட்வேர் டைம்ஸ்டாம்ப் எஞ்சின் என்று பெயர். முத்திரை கொடுப்பவர், முத்திரை வேண்டுபவர், நடுவே இருவரையும் பிரித்து நிறுத்தும் மெல்லிய ஓர் அடுக்கு, இவ்வளவுதான் கட்டுமானம். அந்த டெக்ரா யந்திரத்தின் எண்ணி செகண்டுக்கு 3 கோடியே 12 லட்சத்து 50 ஆயிரம் தடவை துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு 32 நானோசெகண்ட். அதற்குள் ஒளி சுமார் பத்து மீட்டர் போகும். எங்கள் வீட்டு வாசலிலிருந்து எதிர்வீட்டுத் திண்ணை.

சேர்ப்பது ஒரு நாள் காரியம். பேணுவது தீராத காரியம். கெர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு வெளியிடுகிறது. உள்ளே ஒரு பிரிவு மற்றொன்றோடு பேசும் முறைகள் மாறிக்கொண்டே இருக்கும். அவை நிலையானவை என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. வெளியே இருக்கும் மென்பொருளுக்குக் கொடுத்த வாக்கை மட்டும் மீறக்கூடாது. ஒவ்வொரு பிரிவுக்கும் பேணுபவர் பெயர் ஒரு கோப்பில் இருக்கிறது. ஆளில்லாவிட்டால் அநாதை என்று குறிக்கிறார்கள். படித்தபோது எனக்குக் கண்மாய்தான் ஞாபகம் வந்தது. கண்மாயை வெட்டியவன் பேர் கல்வெட்டில் இருக்கும். மடையைத் திறந்து அடைத்து, கரையில் நண்டுவளை பார்த்து, வயலுக்கு வயல் தண்ணீர் பிரித்த நீர்ப்பாய்ச்சியின் பேர் எங்கும் இராது. கண்மாய் நின்றது இரண்டாமவனால்.

பேணாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் காலமே உதாரணம். யூனிக்ஸ் வழிவந்த இயந்திரங்கள் 1970 ஜனவரி முதல் தேதி, நம் கணக்கில் காலை ஐந்தரை மணியிலிருந்து செகண்டுகளை எண்ணுகின்றன. பழைய 32 பிட் ஏற்பாட்டில் அந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிஷம் 7 செகண்டோடு நிரம்பிவிடும். அடுத்த நொடி 1901க்குப் போய்விடும். இருபது வருஷ வீட்டுக்கடனை 2018க்குப் பிறகு எழுதிய எந்தக் குமாஸ்தாவும் இந்த எல்லையைத் தாண்டித்தான் தவணை எழுதியிருக்கிறான். 32 பிட் இயந்திரங்களுக்கும் 64 பிட் நேரம் கொடுக்கும் வேலை லினக்ஸ் கெர்னலில் 5.6 பதிப்போடு, 2020இல், முடிவுக்கு வந்தது. பல வருஷம் பல பேர், ஒரு சம்பவம் நடக்காமல் இருப்பதற்காக உழைத்தார்கள். நடக்காத சம்பவத்துக்கு முத்திரை கிடையாது.

இதிலிருந்து ஒரு கேள்வி கிளம்புகிறது. 32 நானோசெகண்ட் துல்லியமாகக் குறித்தாயிற்று, சரி, எந்தக் கடிகாரத்தில்? அந்தச் சில்லின் எண்ணிக்குச் சித்திரையும் தெரியாது, சனிக்கிழமையும் தெரியாது. தான் உயிர்பெற்றதிலிருந்து எத்தனை துடிப்பு என்பதுதான் அதற்குத் தெரியும். கெர்னலுக்குள்ளேயே பல காலங்கள் இருக்கின்றன. சுவர்க்கடிகார நேரம் ஒன்று. அதை முன்னும் பின்னும் திருத்தலாம். திரும்பிப் போகவே போகாத நேரம் இன்னொன்று. லீப் செகண்டைக் கண்டுகொள்ளாத அணுக்கடிகார நேரம் மற்றொன்று. 2012 ஜூலை முதல் தேதி நம்மூர்க் காலை ஐந்தரைக்கு முன் ஒரு செகண்டைச் செருகியபோது, உலகில் பல லினக்ஸ் இயந்திரங்கள் புத்தி கலங்கிச் சுழன்றன. எண்ணியின் எண்ணை இந்தக் காலங்களில் ஒன்றோடு பொருத்தினால்தான் மனுஷனுக்கு அர்த்தம். பொருத்தம் பிசகினால் துல்லியமெல்லாம் துல்லியமான பொய்.

நாகலாபுரத்தின் கதையும் இதுதான். எங்கள் ஊர் கிழக்கே 78 பாகையைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. இந்திய நேரம் எண்பத்திரண்டரைப் பாகைக்கு உரியது. பாகைக்கு நாலு நிமிஷம். ஆக எங்கள் சூரியன் சராசரியில் சுமார் 17 நிமிஷம் பிந்தி வருகிறது. கைக்கடிகாரம் பன்னிரண்டு என்னும்போது எங்களுக்கு உச்சிப்பொழுது இன்னும் ஆகவில்லை. 1792இலிருந்து நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வுக்கூடத்தின் நேரமே மதராஸ் நேரமாகி, ரயில்களுக்கும் அதுவே நேரமானது. 1906 ஜனவரி முதல் தேதி இன்றைய இந்திய நேரம் வந்தபோது மதராஸ் ஒன்பது நிமிஷம் முன்னுக்கு நகர்ந்தது. கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தங்கள் ஊர் நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. கரிசல்காட்டில் யாரும் பிடிவாதம் பிடித்ததாகத் தெரியவில்லை. கோவில்பட்டி ஆலைச் சங்கு ஒரு நேரத்தையும், ஏர் ஓட்டுகிறவனின் நிழல் இன்னொரு நேரத்தையும் சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் நடுவே மனுஷர்கள் கணக்குப் போட்டுக்கொண்டார்கள். இப்போது அந்த நேரத்தைக் காப்பது டில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் அணுக்கடிகாரங்கள். 2022 ஏப்ரலில் வந்த அரசாணை ஒன்றின்படி வங்கிகள் உள்பட நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள் அந்த வழி நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

நாழிகையை மனுஷன் பார்த்துச் சொன்ன காலமும் உண்டு. முல்லைப்பாட்டில் குறுநீர்க் கன்னல் வருகிறது; பாசறையில் அதைப் பார்த்து அரசனுக்குப் பொழுது சொல்ல ஆட்கள். நீர் நிறைந்த கணத்துக்கும் அவர்கள் வாய் திறந்த கணத்துக்கும் நடுவே ஏதோ ஒன்று போயிருக்கும். அது எவ்வளவு என்று அரசன் கேட்கவில்லை. கேட்டவர்கள் பின்னால் வந்தார்கள். கிரீனிச்சில் 1796இல் மாஸ்கலைன் என்ற தலைமை வானியலாளர் தன் உதவியாளன் கின்னெப்ரூக்கை வேலையிலிருந்து நீக்கினார். குற்றம், நட்சத்திரம் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தை அவன் தன்னைவிட ஏறத்தாழ 0.8 செகண்ட் பிந்திக் குறித்தான் என்பது. சுமார் கால் நூற்றாண்டு கழித்து பெஸ்ஸல் என்ற ஜெர்மானியர், தேர்ந்த வானியலாளர்களும் ஒருவருக்கொருவர் இப்படி வித்தியாசப்படுகிறார்கள் என்று காட்டினார். கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் நடுவே ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்தத் தாமதம். அதற்கு ஒரு பெயரும் வைத்து, கணக்கில் கழிக்கவும் செய்தார்கள். உதவியாளனுடைய வேலை போனது போனதுதான். தலைமையின் நேரம்தான் நேரம் என்று அளவுகோலை வைத்துவிட்டால், பிந்தியவன் யார் என்பது முன்பே தீர்மானமாகிவிடுகிறது. குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இந்தக் கதையில் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் சந்தேகம் வராது.

இதுவரை சொன்னவை புஸ்தகத்தில் இருப்பவை. சொந்தத்தில் ஒன்று சொல்ல வேண்டும். என் சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர் கரிசல். உளுந்து போட்டிருந்தார். பயிருக்குக் காப்பீட்டுப் பணம் கட்டக் கடைசி நாள். கணினி மையம் ஒன்றில் காலையிலேயே போய் நின்றார். நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். சர்வர் நகரவில்லை. சாயங்காலம் வரை நின்று, கையிலிருந்த சிட்டா அடங்கலையும் பணத்தையும் கொடுத்துவிட்டு, ராத்திரி போட்டுவிடுகிறோம் என்ற பேச்சை நம்பி ஊர் திரும்பினார். மறுநாள் காலையில் போட்டார்கள். ரசீதில் மறுநாள் தேதி. அந்த வருஷம் மழை, வர வேண்டியபோது வராமல் காய் முற்றியபோது வந்து, செடியிலேயே உளுந்து முளைத்தது. பக்கத்துப் புஞ்சைக்காரருக்குப் பணம் வந்தது. சித்தப்பாவுக்கு வரவில்லை. விசாரித்த இடத்தில் தேதியைக் காட்டினார்கள். மணி, நிமிஷம், செகண்ட் எல்லாம் இருந்தன, ரொம்பத் துல்லியம்.

அவர் என்னிடம் கேட்டது: "ஏய்யா, நீ பேங்குல இருக்க, சொல்லு. நான் காலைலருந்து அங்கன நின்னனே, அது அந்தப் பொட்டிக்குத் தெரியாதா?"

தெரியாது சித்தப்பா என்றேன். நூறு மைல் தள்ளி இருக்கிற பொட்டி, தன்னிடம் வந்து சேர்ந்த நேரத்தைத்தான் அறியும்.

"அப்பம் நின்னதுக்கு என்ன சாட்சி?"

கூட நின்றவர்கள் சாட்சி. அவர்களும் மறுநாள் தேதிக்காரர்கள்.

என் அத்தை மகன் எழுதிக்கொண்டிருந்த விளக்கத்தில், செய்யாவிட்டால் என்ன கேடு என்ற இடம் வலுவில்லாமல் இருந்தது. அவனுக்கு நான் இந்த விஷயத்தைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அத்தான், இதையேதான் நான் சொல்ல வாறேன். கையாள்றவன் நேரத்தை நடந்த நேரம்னு எழுதாதே" என்றான். அந்த வரியை இங்கிலீஷில் போட்டுக் கொடுத்தேன். அவனுடைய டிரைவர் இன்னும் திருத்தத்தில்தான் இருக்கிறது. மூன்றாம் தடவை திரும்பி வந்திருக்கிறது. சித்தப்பாவுக்கு இதனால் ஒரு பைசா கிடைக்கப்போவதில்லை. ஒரு கம்பியின் ஏற்றத்துக்கு வாசலில் யந்திரம் வைக்க வேண்டும் என்று இத்தனை பேர் இத்தனை வருஷம் வாதாடினார்கள். வரிசையில் வந்து நின்ற மனுஷனுக்கு ஒரு பித்தளை டோக்கன் போதும்; எடுத்துவிட்டோம். வரிசையில் நிற்கிறவனின் தாமதமா, வரிசையைக் கையாள்பவனின் தாமதமா என்று பிரிக்கத் தெரியாத துல்லியம், தாமதத்தை எப்போதும் எளியவன் தலையில்தான் இறக்கிவைக்கும்.

இலக்கியத்துக்கு வருகிறேன். ஏட்டுச்சுவடிகளின் கடைசியில் எழுதி முடித்த நாளைக் குறிப்பார்கள். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் கொல்லம் ஆண்டில். அது பிரதி எடுத்தவனின் நாள். பாடியவனின் நாள் அல்ல. சுவடி படித்தவர்கள் இந்த வித்தியாசத்தை ஒருபோதும் மறந்ததில்லை. அச்சுக்குப் பிறகு வந்த நாம் மறந்துவிட்டோம். பிரசுரமான வருஷத்தைப் படைப்பின் வருஷமாகவும், படைப்பின் வருஷத்தை அனுபவத்தின் வருஷமாகவும் வைத்துக்கொண்டு, யார் முதலில் செய்தார்கள் என்று சண்டை பிடிக்கிறோம். சிறுபத்திரிகைகளின் பக்கங்களில் பாதி இந்தச் சண்டைக்கே செலவாகியிருக்கிறது.

கி. ராஜநாராயணனை எடுத்துக்கொள்ளலாம், எங்களுக்குப் பக்கத்து இடைசெவல்காரர். கோபல்ல கிராமம் 1976இல் வந்தது. அதில் நடக்கும் இடப்பெயர்ச்சி நூற்றாண்டுகளுக்கு முந்தையது. நடந்தபோது எழுதியவர் யாருமில்லை. கிழவிகள் சொல்லிச் சொல்லி வந்தது. முத்திரை விழுந்த தேதியை வைத்து அதை எழுபதுகளின் நாவல் என்று வகைப்படுத்துவது எளிது. அதனுள் ஓடும் எண்ணி வேறெங்கோ தொடங்கியது. இலக்கியத்தில் தாமதம் குற்றமே இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிடலாமா? நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். சம்பவம் தாக்கிய கணத்தில் எழுதுகிறவனுக்குள் ஏதோ ஒன்று அதைப் பிடித்துவைத்திருக்க வேண்டும். அது பிடித்திருந்தால், முப்பது வருஷம் கழித்து வந்து படித்து எடுத்தாலும் அந்தக் கணத்தின் எண் மாறுவதில்லை. பிடிக்காமல் விட்டுவிட்டு, பிந்தி வந்து பார்த்த நேரத்தைச் சம்பவத்தின் நேரம் என்று எழுதுவதைத்தான் நாம் நிறையப் படிக்கிறோம். பஞ்சத்தைப் பற்றிய எத்தனை கவிதைகளில் பஞ்சம் இருக்கிறது, எத்தனையில் பஞ்சத்தைப் பற்றிய செய்தியைப் படித்த காலை இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க ஒரு விமர்சகனுக்குக் காது வேண்டும். தேதி உதவாது.

இன்னொன்றும் உண்டு. பிடித்துவைக்கும் வரிசைக்கு ஆழம் குறைவு. பிராஸஸர் நெடுநேரம் எட்டிப்பார்க்காவிட்டால் முத்திரைகள் தவறிப்போகும். இதில் அந்தக் கெர்னல் பிரிவு செய்கிற ஒரு காரியம் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தோன்றுகிறது. இத்தனை முத்திரை தவறிப்போயிற்று என்று அது ஒரு கணக்கு வைக்கிறது. தவறியவை எவை என்று அதற்குத் தெரியாது, தெரிய வழியில்லை. எத்தனை என்று மட்டும் எழுதிவைக்கிறது. பிரச்சினை தேடுபவன் எவனாவது வந்து அந்த எண்ணைப் படித்தால், இந்தப் பதிவு முழுமையானதல்ல என்பது அவனுக்குத் தெரியும்.

எங்கள் லெட்ஜர்களில் அப்படி ஒரு பத்தி இல்லை. காப்பீட்டு ரசீதில் இல்லை. நம்முடைய இலக்கிய வரலாறுகளிலும் இல்லை. அவை எழுதப்பட்டதையெல்லாம் எண்ணுகின்றன, அத்தோடு தொகை சரியாகிவிட்டதென்று கோடு போட்டு விடுகின்றன. கரிசலில் கேட்க ஆளில்லாமல் போன கதைகள், கவுண்டர் வரை வந்து திரும்பியவர்கள், நின்றதற்குச் சாட்சி இல்லாதவர்கள், இவர்களை ஒவ்வொருவராக மீட்டெடுக்க எந்த விமர்சனத்தாலும் முடியாது. தவறவிட்டவை இத்தனை என்று ஒரு வரி எழுத முடியும். அந்த வரிக்கு இடம்விட்டுக் கணக்கை முடிப்பதுதான், குமாஸ்தாவுக்கும் சரி விமர்சகனுக்கும் சரி, செய்யக்கூடிய குறைந்தபட்ச நேர்மை என்று எனக்குப் படுகிறது.